வாடையை அளந்தவர்

காற்று ஒன்றே. அது வரும் திசையை நோக்கி அதற்கு நான்கு பெயர் வைத்தனர் நம் முன்னோர். தெற்கினின்று வருவது தென்றல். மேற்கினின்று வருவது கோடை. கிழக்கினின்று வருவது கொண்டல். வடக்கினின்று வருவது வாடை. இவற்றுள் தென்றலைப் புலவர் கொண்டாடினர்; வாடையை அஞ்சினர். நக்கீரர் பாடிய 'நெடுநல்வாடை' என்னும் பாட்டின் பெயர்க்குப் பொருள் கூறும் உரையாசிரியர், அவ்வாடை பிரிவால் வருந்தும் அரசிக்கு நெடிதாயும், பாசறையில் வினைமேற் கண்ணாயிருக்கும் அரசனுக்கு நல்லதாயும் அமைந்தது என்பர். ஒரே காற்று ஒருவர்க்கு இடராயும் மற்றொருவர்க்கு ஆக்கமாயும் இருத்தல் கூடும் என்னும் இவ்வுண்மையை இன்று ஏட்டில் மட்டுமன்றிக் கடற்பரப்பிலும் கண்கூடாகக் காணலாம்.

ஐரோப்பாவின் மேலைக் கடற்கரைகளில் மாரிக்காலப் புயல் எழும்போது மீன்பிடிப் படகுகள் துறைமுகத்துள் ஒடுங்கும். கப்பல்கள் வழி மாறிச் செல்லும். அவ்வேளையில் ஒரு சிலர் ஒரு பலகையும் ஒரு பாயும் ஏந்திக் கடலுக்குட் செல்கின்றனர். ஆங்கிலத்தார் 'விண்ட் சேர்பிங்' என்று வழங்கும் விளையாட்டு இது. பாய்ப்பலகை ஓட்டம் என நாம் வழங்கலாம். இலக்கியப் பக்கத்தில் இவ்விளையாட்டுக்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். காற்றை நம் மக்கள் எவ்வாறு அறிகின்றனர், அவ்வறிவு எம்மொழியில் எப்போது அவர்களிடம் சென்று சேர்கிறது என்னும் பெரிய வினாவுக்கு இச்சிறிய விளையாட்டு நம்மை இட்டுச் செல்கின்றது. ஆதலின் இதனைச் சற்று நின்று நோக்குதல் தகும்.

பாய்ப்பலகைக்குச் சுக்கான் இல்லை. பலகையின் நடுவே ஊன்றிய பாய்மரம் எத்திசையும் சாயத்தக்க மூட்டொன்றின்மேல் நிற்கின்றது. ஓட்டுபவர் பாயின் குறுக்கே உள்ள பிடிகோலைப் பற்றி, உடலைப் பின்னோக்கிச் சாய்த்துக் காற்றின் இழுப்பைத் தம் எடையால் ஈடு செய்கின்றார். பாயை முன்னே சாய்த்தால் பலகையின் முனை காற்றை விட்டு விலகும். பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். கையை விட்டாலோ பாய் நீரில் விழுந்துவிடும். அக்கணமே காற்றின் பிடியும் அற்றுப்போகும். 1960களின் நடுவில் அமெரிக்கராகிய நியூமன் டார்பி இத்தகைய பலகையொன்றை அமைத்தார். அதே பத்தாண்டின் இறுதியில் ஜிம் டிரேக், ஹொய்ல் ஷ்வைற்சர் என்னும் இருவர் கலிபோர்னியாவில் அதனைத் திருத்தமுற அமைத்து உரிமைக்கு விண்ணப்பித்தனர். 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இது போட்டியாயிற்று. 2023இல் சீனத்து ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இந்திய வீரர் இபாத் அலி இதில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், பட்டத்தால் இழுபட்டுப் பலகையில் விரையும் போட்டியும் சேர்க்கப்பட்டது. ஆகவே இது எங்கோ சிலர் ஆடும் வேடிக்கை என்று தள்ளத்தக்க நிலையில் இன்று இல்லை.

இனி, கடுங்காற்றில் இது யாதாகின்றது என்பதைக் காண்போம். காற்றின் வேகம் இருமடங்கானால் பாயின்மேல் அதன் விசை இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் இன்பமாக ஓடும் பலகை, 50 கடல் மைல் காற்றில் ஆறு மடங்குக்கு மேற்பட்ட விசைக்கு உள்ளாகும். அன்றியும் குளிர்ந்த காற்று வெம்மையான காற்றினும் செறிவுடையது. உறைநிலையில் உள்ள காற்று, 30 பாகை வெப்பமுள்ள காற்றைவிட நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் கனமானது. அதனால் அதே வேகத்திலும் மாரிக்காற்று மிக்க விசையோடு மோதும். மெல்லிய காற்றில் ஏழு சதுர மீற்றரும் அதற்கு மேலும் பரந்த பாயைக் கொள்ளும் ஒருவர், 40 கடல் மைல் காற்றில் அதன் பாதியளவே கொள்வர். காற்று வளர வளரப் பாய் சுருங்கவேண்டும். இவ்விளையாட்டின் முதற் பாடம் இதுவே.

காற்றின் வலிமையை எண்ணால் குறிக்கும் முறையொன்று உலகெங்கும் வழங்குகின்றது. பிரித்தானியக் கடற்படையைச் சேர்ந்த பிரான்சிஸ் போபோர்ட் 1805இல் வகுத்த முறை அது. சுழியம் முதல் 12 வரை அவர் படி அமைத்தார். அப்படிகளை அவர் வகுத்த வகை நோக்கற்பாலது. போர்க்கப்பல் ஒன்று எத்தனை பாயை விரிக்க இயலும் என்பதையே அவர் அளவுகோலாகக் கொண்டார். எல்லாப் பாயும் விரிக்கத்தக்கது இன்ன படி. பாதியைச் சுருக்கவேண்டியது இன்ன படி. எந்தப் பாயும் தாங்காதது பன்னிரண்டாம் படி. பாயே காற்றை அளந்த கருவி.

அவ்வரிசையில் பத்தாம் படி என்பது மணிக்கு 48 முதல் 55 கடல் மைல் வரை; நம் கணக்கில் ஏறத்தாழ 90 முதல் 100 கிலோமீற்றர். நிலத்தில் மரங்கள் வேரோடு சாயும் நிலை அது. 'ஸ்டோர்ம் சேஸ்', அதாவது புயலைத் துரத்துதல், என்னும் பெயரில் பாய்ப்பலகைப் போட்டியொன்று 2013இலும் 2014இலும், பின்னர் 2019இலும் நடந்தது. அதற்கு வகுத்த விதி, காற்று பத்தாம் படியை எட்டவேண்டும் என்பதே. அயர்லாந்திலும் தாஸ்மேனியாவிலும் இங்கிலாந்தின் கோர்ன்வாலிலும் அவர்கள் புயலைத் தேடிச் சென்றனர். 2014இல் பிரான்சு நாட்டுத் தோமா திராவெர்சாவும், 2019இல் அவுஸ்திரேலியராகிய ஜேகர் ஸ்டோனும் வென்றனர்.

இதனைக் கேட்ட மாணவர் சிலர் வீரம் என்பர். முதியோர் சிலர் மடமை என்பர். இரண்டும் விரைந்து கூறிய தீர்ப்பே. அப்போட்டி நடந்த முறையைப் பாருங்கள். வானிலை அறிஞர் வாரக்கணக்கில் கடலைக் கவனித்துப் புயல் எங்கே, எந்நாளில், எவ்வளவாக வரும் என்று கணித்த பின்னரே வீரர் அழைக்கப்பட்டனர். தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிந்தே அவர்கள் நீரில் இறங்கினர். விழுந்தவரை மீட்க விரைவுப் பொறிகள் கடலிலேயே காத்திருந்தன. அஞ்சவேண்டியதற்கு அஞ்சுதல் அறிவுடையார் செயல் என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வகுத்தது மாணவர் அறிந்ததே. புயலில் ஆடுவோர் காற்றை அஞ்சாதவர் அல்லர், அஞ்சி அளந்தவர். காற்றின் அளவு அவர்களுக்கு முன்கூட்டியே, தெளிவாக, அவர்கள் அறிந்த மொழியில் கிடைத்தது. அவர்கள் உயிரோடு கரை சேர்ந்ததற்குத் தோள்வலியினும் இஃதே பெரிய காரணம் என்பேன்.

நிற்க. நம் கடல்களுக்கு வருவோம். ஆசியப் பெருநிலம் மாரியில் குளிர்ந்தபின் அங்கிருந்து நடுக்கோட்டை நோக்கிப் பாயும் காற்றே நமது வாடை. அது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் உள்ள பாக்கு நீரிணையில் ஒடுங்கி நுழையும்போது வேகம் பெறுகின்றது. மாத்தளை மாவட்டத்து றிவஸ்டன் மலையிடுக்கில் ஒருமுறை நின்றவர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. பரந்த வெளியில் மெல்லென வந்த காற்று, இரு மலைகட்கிடையே புகுந்தவுடன் ஆளைத் தள்ளும். நீரிணையும் அத்தகைய இடுக்கே. அதனால் மன்னாரும் இராமேசுவரமும் கற்பிட்டியும் காற்றுக்குப் பெயர்பெற்ற இடங்களாயின. பட்டம் பூட்டிய பலகையில் கடல்மேல் விரைவோர் இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் இம்மூன்று இடங்களையும் நாடி வருகின்றனர். கற்பிட்டியில் வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகமே வலிது. மார்கழி தொடங்கி மாசி வரையும் வாடையால் இன்னொரு பருவம் அமைகின்றது. அப்போது மணிக்கு 15 முதல் 20 கடல் மைல் வரை காற்று ஓயாது வீசும். அயர்லாந்துப் புயலை நோக்க இது மென்மையே. ஆயினும் வங்கக்கடலில் தாழமுக்கம் உருவாகும் நாளில் அம்மென்மை ஒரே இரவில் மாறிவிடும்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு நடந்ததை நம் மக்கள் மறக்கவில்லை. அன்றெழுந்த புயலும் கடற்பெருக்கும் தனுஷ்கோடியை அழித்தன. பாம்பனிலிருந்து அங்குச் சென்ற புகைவண்டி நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலுள் அமிழ்ந்தது. மன்னார்க் கரையும் அப்புயலுக்குத் தப்பவில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைப் புயல் தாக்கியது. 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கன்னியாகுமரிக்கு அருகே ஒக்கி என்னும் புயல் எழுந்தபோது, நூற்றுக்கணக்கான மீனவர் மாண்டும் காணாமற்போயும் ஒழிந்தனர். எச்சரிக்கை வெளிவரும் முன்னரே அவர்களுட் பலர் கடலுக்குட் சென்றிருந்தனர். ஆழ்கடலில் இருந்தவரை எட்டும் செய்திக்கருவியும் இல்லை. கடல் அவர்களுக்கு அயலானது அன்று. அவர்கள் பிறந்து வளர்ந்ததே அக்கடலில்தான். திறம் குறைந்ததால் அவர்கள் அழியவில்லை. அளவு வந்து சேராமையால் அழிந்தனர்.

இவ்விடத்து ஒன்றை வற்புறுத்திக் கூறவேண்டும். காற்றை அளக்கும் அறிவு நம் கடலோரத்தார்க்குப் புதிதன்று. இலங்கையின் மேலைக்கரையில், பக்கமிதவை பூட்டிய பாய்த்தோணி செலுத்துவோர், காற்று வலுக்கும்போது தோணி கவிழாதிருக்க அம்மிதவைமேல் ஆட்களை ஏறி நிற்கச் செய்வர். ஒருவர் நிற்றல் போதுமானால் அது ஓராள் காற்று; இருவர் வேண்டுமானால் ஈராள் காற்று; அதனினும் மிக்கது மூவாள் காற்று. இவ்வழக்கைக் கண்டு வியந்து குறித்துவைத்தனர் பழைய மேல்நாட்டார். போபோர்ட் பாயால் அளந்ததை நம் தோணிக்காரர் உடலால் அளந்தனர். இன்று பாய்ப்பலகையில் பின்சாய்ந்து நிற்பவரும் அதனையே செய்கின்றார். புறநானூற்றின் 66ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார், காற்றைப் பணிகொண்டு கடலில் மரக்கலம் செலுத்தியவன் வழிவந்தோன் என்று கரிகாலனைப் பாராட்டுகின்றார். காற்றைப் பணிகொள்ளுதல் என்பது அதனை வெல்லுதல் அன்று. அதன் இயல்பறிந்து அதற்கு இசைய நடத்தலேயாம்.

இயந்திரமும் அவ்வாறே நடக்கின்றது. மன்னாரில் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி என்னும் காற்றாலைத் தொகுதியில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. இத்தகைய பெருங்காற்றாலைகள், காற்று நொடிக்கு 25 மீற்றர் அளவை எட்டும்போது இறகுகளைத் திருப்பித் தாமே ஓய்ந்து நிற்கும்படி அமைக்கப்படுவது பெருவழக்கு. நொடிக்கு 25 மீற்றர் என்பது மணிக்கு ஏறத்தாழ 48 கடல் மைல். போபோர்ட் வரிசையில் பத்தாம் படியின் வாயில். அயர்லாந்தில் புயல் விளையாட்டுத் தொடங்கும் அதே இடத்தில் மன்னாரின் இயந்திரம் ஒதுங்கிக்கொள்கின்றது. எந்த எண்ணில் நிறுத்தவேண்டும் என்பதை இயந்திரத்துக்கு எழுதிவைத்தனர். அவ்வியந்திரங்களின் அடியிலேயே வள்ளம் தள்ளும் மனிதனுக்கு அவ்வெண் சொல்லப்படுகின்றதா?

கடலினின்று நெடுந்தொலைவு விலகிய ஊர் நாலந்தா. இலங்கையின் நடுப்புள்ளி இதுவே என்று கூறுவாரும் உளர். பல்லவர் சிற்பநெறி தழுவிய கெடிகே என்னும் பழைய கற்கோயில் இங்கு உளது. மகாவலித் திட்டத்தின்போது போவதென்ன நீர்த்தேக்கத்துள் அமிழாதிருக்க அதனைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீள அமைத்தனர். நீர் எவ்வளவு உயரும் என்பதை முன்னரே கணக்கிட்டமையால் அக்கோயில் பிழைத்தது. கடற்காற்றால் நமக்கென்ன என்று இவ்வூரார் இருந்துவிடலாம் எனத் தோன்றும். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதி அவ்வெண்ணத்தைத் துடைத்துவிட்டது. சொகோத்திராத் தீவின் கடல்நீரேரி ஒன்றின் பெயரால் 'டித்வா' என்று ஏமன் நாட்டார் பெயரிட்ட புயல், நவம்பர் 28ஆம் நாள் இலங்கையைத் தாக்கியது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். காற்றினும் மழையும் மண்சரிவுமே பெரும்பாலும் உயிர் குடித்தன. மாத்தளை மலைகளும் அதற்கு விலக்காகவில்லை. தோட்டங்களிலும் மலைச்சரிவுகளிலும் வாழும் தமிழ் மக்கள் பெரிதும் துன்புற்றனர். எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை, வந்தவையும் குறைவு என்னும் குறை அப்போது பலராலும் எழுப்பப்பட்டது.

தமிழ் கற்பிப்போர் இக்குறையை அரசியலாருக்கென்று விட்டுவிடலாகாது. எச்சரிக்கை என்பதும் ஓர் உரைநடையே. நம் வானிலை அறிக்கைகளில் வழங்கும் தமிழை எண்ணிப் பாருங்கள். 'காற்றின் வேகம் அவ்வப்போது 50 முதல் 60 கிலோமீற்றர் வரை அதிகரித்துக் காணப்படும். கடல் கொந்தளிப்பாகக் காணப்படும்' என்பது போன்ற வாய்பாடே நாள்தோறும் வருகின்றது. 'அவ்வப்போது' என்பது எப்போது? 'காணப்படும்' என்பது யார் காண்பது? இன்ன மணிக்குப் பின் வள்ளம் தள்ளாதே என்று அது கூறுகின்றதா? மணிக்கு 50 முதல் 60 கிலோமீற்றர் என்பது போபோர்ட் வரிசையில் ஏழாம் படி. கைதேர்ந்த பாய்ப்பலகை வீரன் அதைக் கேட்டவுடன் சிறு பாயை எடுப்பான். புதியவன் கரையில் அமர்ந்துவிடுவான். சிறுவள்ளத்தில் செல்லும் மீனவனும் கரையிலேயே நிற்கவேண்டிய படி அது. 'அதிகரித்துக் காணப்படும்' என்னும் தொடரோ அவனை நிற்கச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பு நடந்துவிட்டது, பொருள் சென்று சேரவில்லை.

இதற்கு நாம் செய்யத்தக்கன சில உள. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை வரும் அதே மணியில் தமிழிலும் வருதல் வேண்டும். நாளை வரும் தமிழ் நேற்றைய புயலைத் தடுக்காது. அத்தமிழ், வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று கடலோரத்தார் வழங்கும் சொற்களோடு படியெண்ணையும் மணியையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். 'இன்றிரவு எட்டு மணி தொடக்கம் வாடை ஏழாம் படி. சிறுவள்ளம் இறக்கலாகாது' என்று கூறினால் எழுதப் படிக்க அறியாதவரும் கேட்டு உணர்வர். இப்பதின்மூன்று படிகளையும் நம் பாடசாலைகளில் கற்பித்தல் அரிதன்று. புகை நேரே எழுவது இன்ன படி, இலை அசைவது இன்ன படி, குடை பிடித்தல் அரிதாவது ஆறாம் படி, மரம் வேரோடு சாய்வது பத்தாம் படி என நிலத்து அடையாளங்களும் அம்முறையில் உள. நாலந்தாவின் மாணவனும் பேசாலையின் மாணவனும் ஒரே அளவுகோலைக் கற்பர்.

விளையாட்டுக்கு வருவோரிடமும் நாம் பெறத்தக்கது உண்டு. கற்பிட்டியிலும் மன்னாரிலும் பலகையும் பட்டமும் வாடகைக்கு விடுவோர் காற்றை அளக்கும் கருவியும் மீட்புப் படகும் வைத்திருத்தல் அத்தொழிலுக்கே இன்றியமையாதது. அக்கருவி காட்டும் எண்ணை மீனவர் துறையிலும் பலகையில் எழுதிவைத்தால் செலவு யாது? இடருற்ற வள்ளத்துக்கும் அம்மீட்புப் படகு விரைதல் ஆகாதோ? பட்டத்தின் கயிறு இருபது மீற்றருக்கு மேல் நீண்டு காற்றில் விறைத்து நிற்பது. வலை விரித்த நீர்ப்பரப்பில் அது இடராகும். ஆதலின் வலைக்கு உரிய நீர் இது, விளையாட்டுக்கு உரிய நீர் இது என இருசாராரும் கூடி வரையறுத்தலும் வேண்டும். நீரேரியில் முந்திய உரிமை அதில் உழைத்து உண்போர்க்கே என்பதில் ஐயமில்லை.

இவ்விளையாட்டை வெறுப்பவர் செல்வர்தம் களியாட்டம் என்பர். இதில் செலவு மிகுதி என்பது மெய்யே. ஆயினும் அச்செல்வரிடத்து நாம் பொறாமை கொள்ளவேண்டியது அவர்தம் பாயையோ பலகையையோ நோக்கி அன்று. புயல் வருமுன் அதன் அளவை அறியும் பேற்றினை நோக்கியே. பொழுதுபோக்குக்காகக் கடலில் இறங்குபவனுக்குக் கிடைக்கும் அறிவு, பிள்ளைகளின் பசிக்காகக் கடலில் இறங்குபவனுக்குக் கிடையாதிருத்தல் நீதியாகாது. இன்னும் சில திங்களில் வாடை மீண்டும் வரும். அது தமிழறியாது, சிங்களமும் அறியாது. அதன் அளவைத் தமிழில் எடுத்துரைக்கும் கடமை நம்முடையது.